மாதக் கடைசியில் வரும் எண்ணமும் மற்ற நாளில் வரும் எண்ணமும்: ஒரு வேலை மாற்றத்தின் நிகழ்வு ஆய்வு

கணக்கு வேலையில் ஒரு பழைய வித்தை உண்டு. பற்று, வரவு என்ற இரண்டு பக்கமும் பொருந்தாமல் போனால், வித்தியாசத்தை ஒன்பதால் வகுத்துப் பார்ப்பார்கள். மீதியில்லாமல் வகுபட்டால், யாரோ எங்கோ பக்கத்துப் பக்கத்து இலக்கங்களை இடம் மாற்றி எழுதியிருக்கலாம் என்று அர்த்தம். 8,630 என்று எழுத வேண்டியதை 8,360 என்று எழுதினால் வித்தியாசம் 270. ஒன்பதால் வகுத்தால் 30. உடனே கண் அந்த மாதிரி எண்ணைத் தேடத் தொடங்கிவிடும்.

என்னிடம் வந்த அந்தப் பெண்மணி இதை வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்தில் கற்றுக்கொண்டவர். பன்னிரண்டு வருடமாக, ஒவ்வொரு முறை இப்படிப் பிழை கிடைக்கும்போதும் அவருக்குள் ஒரு சின்ன துள்ளல் இருந்திருக்கிறது. ஒருநாள் சாயங்காலம் வித்தியாசம் வந்தது, ஒன்பதால் வகுபட்டது, நான்கே நிமிடத்தில் பிழையைப் பிடித்துவிட்டார். பக்கத்து மேசைக்காரர் கைதட்டினாராம். "பேனாவை மூடி வெச்சேன் சார். அவ்ளோதான். ஒண்ணுமே தோணல."

முதல் சந்திப்பில் எத்தனையோ குறைகளுக்கு நடுவே போகிறபோக்கில் சொன்னது இது. நானும் குறித்துக்கொண்டு தாண்டிப் போய்விட்டேன். அன்றைக்கு அவர் சொன்னதிலேயே கனமான வாக்கியம் அதுதான் என்பது எனக்கு உறைக்க ஏறக்குறைய ஒரு வருடம் ஆனது.

வேலை மாற்றத்தைப் பற்றி யோசிப்பவர்களோடு பேசுவது என் தொழில். இங்கே எழுதுவது ஒரே ஆளின் கதை அல்ல. மூன்று பேரிடம் பார்த்ததை ஒருவர் மேல் ஏற்றி, அடையாளம் தெரியாதபடி மாற்றியிருக்கிறேன். கேள்வி மட்டும் எல்லோருக்கும் ஒன்றுதான்: கிளம்பலாமா என்ற எண்ணம் எப்போதும் இருக்கிறது, கிளம்பத் தயார் என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது?

வந்தபோது

வயது 36. இரண்டு நிறுவனங்கள், இரண்டாவதில் எட்டு வருடம். கீழே நான்கு பேர். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. "இதுல இருந்து வெளிய வரணும் சார்" என்றார். எங்கே போக என்று கேட்டதும் பதில் தயாராக இருந்தது: புகைப்படம் எடுக்க.

ஞாயிறு சாயங்காலம் ஆனால் வயிற்றைப் பிசைகிறது. ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்துவிடுகிறது. வீட்டில் எல்லோர்மேலும் எரிந்து விழுகிறார். ஒரு வருடத்துக்கு முன் வந்த புது மேலாளர் எந்த ஒப்புதலையும் கடைசி நிமிடம் வரை கையில் வைத்திருக்கிறார். மூன்று நாளில் முடிந்த மாதக் கடைசிக் கணக்கு ஆறு நாளாக இழுக்கிறது.

இப்படி ஒருவர் வந்து உட்காரும்போது பிரித்துப் பார்க்க வேண்டியவை குறைந்தது மூன்று. ஆள் களைத்துவிட்டாரா? இந்த இடம் ஒத்துவரவில்லையா? அல்லது வேலையே போதும் என்று ஆகிவிட்டதா? மூன்றுக்கும் வெளியே தெரியும் முகம் ஒன்றுதான். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ஏற்ற நோய் வகைப்பாட்டின் பதினோராவது பதிப்பில் 'பர்ன்அவுட்' என்பதற்கு மூன்று கூறுகள் சொல்லியிருக்கிறார்கள்: சக்தி வற்றிப்போன உணர்வு, வேலையிலிருந்து மனம் விலகி அதைப் பற்றிக் கசப்பாகவே நினைப்பது, நம்மால் ஆவது குறைந்துவிட்டது என்ற எண்ணம். கவனிக்க, அதை அவர்கள் நோய் என்று சொல்லவில்லை. வேலை சார்ந்த நிலை என்றுதான் சொல்கிறார்கள். இவருக்கு முதல் இரண்டும் அப்படியே பொருந்தின. மூன்றாவது பொருந்தவில்லை. வேலையில் கெட்டிக்காரர் என்பதில் அவருக்கே சந்தேகம் இல்லை.

இந்த நிலையில் ராஜினாமா கடிதம் எழுதுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். வேறு தொழிலுக்குப் போவார்கள். அங்கேயும் அதே நேரம்கெட்ட நேர வேலை, அதே முடியாது என்று சொல்லத் தெரியாத குணம். எட்டு மாதத்தில் மறுபடி வந்து நிற்பார்கள். அதனால் அன்றைக்கு வேலையை விடுவதைப் பற்றி நான் பேசவே இல்லை. இரண்டு காரியம் சொன்னேன். சேர்த்து வைத்திருந்த விடுப்பில் மூன்று வாரம் எடுங்கள். அப்புறம், ஒரு கேலண்டர் வைத்துக்கொள்ளுங்கள்.

கேலண்டர்

சுவரில் மாட்டும் சாதாரண கேலண்டர்தான். வேலையை விட வேண்டும் என்று மனதார நினைக்கும் நாளில் ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் அன்று என்ன நடந்தது என்று நாலே வார்த்தை. காரணம் தேடக் கூடாது, நடந்ததை மட்டும் எழுத வேண்டும். இதற்குச் செயலிகள் இருக்கின்றன. எனக்குக் காகிதம்தான் பிடிக்கும், ஒரு மாதம் ஒரே பார்வையில் கண்ணில் படும்.

முதல் இரண்டு மாதத்தில் 27 குறிகள். அதில் 19 மாதக் கடைசி வாரத்திலோ, மேலாளரோடு முட்டிக்கொண்ட மறுநாளோ விழுந்தவை. விடுப்பில் இருந்த முதல் வாரம் ஒன்றுகூட இல்லை. இரண்டாவது வாரம் ஒன்று. மூன்றாவது வாரத்தில் நான்கு, அதுவும் திரும்பப் போகும் தேதி நெருங்க நெருங்க.

இதைப் பார்த்தால் யாருக்கும் தெரியும்: எண்ணம் சம்பவத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறது. அடி விழுந்தால் வலிக்கிறது, விழாவிட்டால் இல்லை. "உங்களுக்கு இந்த ஆபீஸ் ஒத்துக்கல. தொழிலே ஒத்துக்கலையான்னு இன்னும் தெரியல" என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை. யாருக்குத்தான் பிடிக்கும்? தீர்ப்புக் கேட்டு வந்தவருக்கு வாய்தா கொடுத்த மாதிரி.

போகிறதற்கு முன் இருக்கிற வேலையின் வடிவத்தை மாற்றிப் பார்க்கலாமே என்றேன். ஏமி ரெஸ்னெவ்ஸ்கியும் ஜேன் டட்டனும் 2001-இல் எழுதிய ஆய்வில் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றி வரும். பதவி ஒன்று, வேலைப் பட்டியல் ஒன்று. ஆனால் சிலர் பெருக்கித் துடைப்பதோடு நின்றார்கள். சிலர் நோயாளியோடும் வந்தவர்களோடும் பேசி, தாங்களும் குணமாக்குகிற கூட்டத்தில் ஒருவர் என்று வேலையைத் தாங்களாகவே வேறு மாதிரி ஆக்கிக்கொண்டார்கள். ஒரே நாற்காலியில் இருந்தபடியே வேலையை ஓரளவு திருத்திக்கொள்ள முடியும் என்பதுதான் எனக்கு அதில் வேண்டியது. சம்பளத்தை உயர்த்த வேண்டிய இடத்தில் முதலாளிகள் இதைப் பாடமாக எடுப்பதும் நடக்கிறது, அது வேறு கதை.

அவர் திருத்தினார். மாதக் கடைசிக் கணக்கின் இரண்டாம் நாள் மாலை மூன்று மணிக்கு மேல் வரும் ஒப்புதல் அடுத்த மாதத்துக்குத்தான் என்று எழுத்தில் ஒரு விதி கொண்டுவந்தார். மேலாளர் முறைத்தார், ஆனால் மேலிடம் ஏற்றுக்கொண்டது. வங்கிக் கணக்கைச் சரிபார்க்கும் தினசரி வேலையை ஜூனியர் ஒருவரிடம் விட்டார். அலுவலகம் புது கணக்கு மென்பொருளுக்கு மாறும் வேலையை, யாருமே சீண்டாததால், தானே எடுத்துக்கொண்டார். மாதக் கடைசி ஆறு நாளிலிருந்து நாலு நாளாக இறங்கியது. அடுத்த இரண்டு மாதத்தில் குறிகள் ஒன்பதுதான். சரி, இதோடு முடிந்தது என்று நான் கோப்பை மூடத் தயாரானேன்.

கேமரா

அவர் முடிக்கவில்லை. புகைப்பட ஆசை அப்படியே இருந்தது. "பிடிக்காதது என்ன அதுல?" என்று கேட்டேன். "எதுவுமே இல்ல சார். அதனாலதான் போகணும்கிறேன்" என்றார்.

இந்தப் பதில் வந்தால் நான் உஷாராகிவிடுவேன். ஒரு தொழிலில் குறையே தெரியவில்லை என்றால் அதைப் பக்கத்தில் போய்ப் பார்க்கவில்லை என்றுதான் பொருள். இக்கரைக்கு அக்கரை பச்சை என்று சொல்லி நிறுத்தலாம். சொல்லிக் கேட்டவர் யார்? போய் நின்று பார்த்தால்தான் உண்டு. தொழில் மாறியவர்களை ஆராய்ந்த ஹெர்மினியா இபாரா சொல்வதும் இதுதான்: உட்கார்ந்து யோசித்து 'உண்மையான நான் யார்' என்று கண்டுபிடித்துவிட்டு மாறுகிறவர்கள் குறைவு, சின்ன சின்னதாகச் செய்துபார்த்து, அதிலிருந்துதான் தெரிந்துகொள்கிறார்கள்.

விழாக்களுக்குப் படம் எடுக்கும் ஒருவரிடம் மூன்று வாரக் கடைசிகளுக்கு உதவியாளராகப் போனார். முதல் நாள் ஒன்பது மணி நேரம் நின்றிருக்கிறார், பாதி நேரம் விளக்கைப் பிடித்தபடி. படம் எடுத்தது மொத்தம் இருபது நிமிடம். மறுநாள் 2,400 படங்களை உட்கார்ந்து 300 ஆகக் குறைக்க வேண்டும், கண் மூடிய முகம், மங்கலான முகம் என்று ஒவ்வொன்றாகத் தள்ளி. நடுவில் வீட்டுக்காரர்கள் போன் செய்து என் சித்தி படத்தில் இல்லையே என்று சண்டை. மூன்றாவது வாரம் முடிந்து வந்து, குறைகளை அரை மணி நேரம் அடுக்கினார். அடுக்கி முடித்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். 'இருந்தாலும்' என்ற வார்த்தைக்காக நான் காத்திருந்தேன். வரவில்லை.

அவருக்குப் பிடித்தது தனியாக நடந்து போய், தோன்றியதைப் படம் எடுப்பது. அதை யாரும் அவரிடமிருந்து பிடுங்கப்போவதில்லை. மூன்று வாரக் கடைசிகளில் ஒரு கனவு கலைந்தது, செலவு அவ்வளவுதான். வேலையை விட்டுவிட்டுப் போய் இதைத் தெரிந்துகொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவரே கணக்குப் போட்டார். கணக்கர் ஆயிற்றே.

31-ஆம் தேதி பில்

இதற்குள் அலுவலகத்தில் மென்பொருள் மாற்றம் சூடுபிடித்திருந்தது. புது மென்பொருளை நிறுவனம் ஏற்றுக்கொள்வதற்கு முன், அன்றாடம் அதைப் பயன்படுத்தப் போகிறவர்கள் போட்டுப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். 'யூசர் அக்செப்டன்ஸ் டெஸ்டிங்' என்பார்கள். பெரும்பாலான இடங்களில் இது சடங்குதான். தயாரித்தவர்கள் கொடுத்த பட்டியலில் இருக்கிறபடி பொத்தானை அமுக்கி, டிக் போட்டுவிட்டுப் போவார்கள்.

இவர் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டார். 31-ஆம் தேதியிட்டு ஒரு பில் போட்டார். அந்த மாதக் கணக்கை மூடினார். அடுத்த மாதம் 1-ஆம் தேதி அந்த பில்லை ரத்து செய்தார். தொகை பழைய மாதத்தில் கழிந்தது, அதன் வரி புது மாதத்தில் கழிந்தது. மாறவே கூடாத, மூடிய மாதத்தின் அறிக்கை, யாருக்கும் சொல்லாமல், மாறிப்போயிருந்தது.

மென்பொருள் எழுதியவர் இளைஞர். "மேடம், இப்படி யாரும் செய்ய மாட்டாங்களே" என்றிருக்கிறார். "நான் மூணு தடவை செஞ்சிருக்கேன்" என்றாராம் இவர்.

இதைச் சொல்லும்போது அவர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். கை காற்றில் பில்லை ரத்து செய்துகொண்டிருந்தது. அப்போதுதான் எனக்கு அந்தப் பழைய வாக்கியம் ஞாபகம் வந்தது: பேனாவை மூடி வைத்தேன், ஒன்றுமே தோணவில்லை. செத்துப்போனது பிழையைத் தேடும் ருசி இல்லை. தினம் ஒரே இடத்தில் ஒரே மாதிரிப் பிழையைத் தேடித் தேடி, அந்த இடத்தில் அவருக்குத் தேட ஒன்றும் மிச்சமில்லை. இதை நான் முதல் நாளே பிடித்திருக்க வேண்டும். களைப்பு, மேலாளர் என்று பெரிய காரணங்களின் பின்னால் போய்விட்டேன். அவையும் உண்மைதான், அதனால்தான் அவை மறைத்தன.

நான்கு மாதத்தில் 61 பிழைகள் எழுதிக் கொடுத்தார். அதில் பாதிக்கு மேல் பட்டியலில் இல்லாத சோதனைகளிலிருந்து வந்தவை. சோதனைக் காலம் முடிந்தது, மென்பொருள் ஓடத் தொடங்கியது, அவர் பழைய வேலைக்கே திரும்பினார். மேலாளரும் இதற்குள் ஓரளவு வழிக்கு வந்திருந்தார்.

தயார் என்று எதை வைத்துச் சொன்னேன்

மறுபடி கேலண்டர். சோதனை வேலை முடிந்த பின் இரண்டு மாதம். குறிகள் 14. ஆரம்பத்தில் இருந்த 27-இல் ஏறக்குறைய பாதிதான். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நிலைமை தேறியிருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் மாதக் கடைசி வாரத்தில் விழுந்தவை நான்கே. மற்றவை செவ்வாய், புதன், ஒன்றும் நடக்காத வெள்ளி. நாலு வார்த்தைக் குறிப்பில் 'சாதாரண நாள்' என்றே ஐந்து இடத்தில் எழுதியிருந்தார். ஒரு குறி, அவருக்கு வருடாந்திர மதிப்பீட்டில் நல்ல பெயரும் சம்பள உயர்வும் கிடைத்த நாளில் இருந்தது.

"அன்னைக்கு எதுக்கு சார் போட்டேன்னு எனக்கே புரியல. சந்தோஷமாத்தான் இருந்தேன்."

நான் முதலில் பார்ப்பது இந்தக் குறியைத்தான். கோபத்தில் வரும் எண்ணம் கோபத்தோடு போய்விடும், போகட்டும். நல்ல நாளில், யாரும் தூண்டாமல், சம்பளம் ஏறிய சாயங்காலத்தில் அதே எண்ணம் வந்து அமைதியாக உட்கார்ந்தால் அதற்கு மரியாதை கொடுக்க வேண்டும். வெறுப்பின் உச்சத்தில் எடுக்கும் முடிவுதான் துணிச்சலான முடிவு என்று ஒரு நினைப்பு பரவலாக இருக்கிறது. என் அனுபவத்தில், உச்சத்தில் இருப்பவருக்கு வாசல் மட்டும்தான் தெரியும், தெரு தெரியாது.

அப்புறம் அந்தக் கேள்வி. மென்பொருள் சோதனையில் உங்களுக்குப் பிடிக்காதது என்ன? இந்த முறை இருபது நிமிடம் பேசினார். ஒரே திரையை நாற்பது தடவை பார்க்க வேண்டும். ராத்திரியில் ரிலீஸ் வைப்பார்கள், அதாவது மென்பொருளின் புதுப் பதிப்பை வெளியிடுவார்கள். பிழை சொன்னால் எழுதியவருக்கு முகம் சுருங்கும். தப்பி வெளியே போன பிழைக்கு முதலில் திட்டு வாங்குவது இவர்கள்தான். தன்னைவிடப் பத்து வயது சின்னவரின் கீழ் வேலை பார்க்க நேரும். சம்பளம் குறையும். எல்லாம் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தி, "இருந்தாலும் சார்..." என்றார். மீதியைச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

மூன்றாவதாக ஒன்று, யாரும் சொல்லாமலே நடந்தது. மாதக் கடைசி நெருக்கடி இல்லாத நாளில், எந்தக் கெடுவும் இல்லாமல், அவர் சோதனை பற்றிய அடிப்படைப் பாடங்களைப் படித்து இரண்டு நோட்டுப் புத்தகம் நிரப்பியிருந்தார். அந்தத் துறையில் இருக்கும் நான்கு பேரைத் தேடிப் பிடித்துப் பேசியிருந்தார். நான் கொடுத்த வீட்டுப் பாடம் அல்ல இது. ஆசைப்படுகிறவர்கள் ஆசையைப் பற்றிப் பேசுவார்கள். தயாராகிறவர்கள் அதற்குள் எதையாவது செய்து வைத்திருப்பார்கள், பெரும்பாலும் அதைச் சொல்லக்கூட மறந்துபோயிருப்பார்கள். நோட்டுப் புத்தகங்கள் பையில் இருந்ததே தற்செயலாகத்தான் தெரிந்தது.

ஆனாலும் தயங்கினார். தயக்கம் வேறு இடத்திலிருந்து வந்தது. "அப்பா கடன் வாங்கிப் படிக்க வெச்சார் சார். பன்னெண்டு வருஷம். எல்லாத்தையும் தூக்கிப் போடறதா?"

போட்ட முதலுக்காகத் தொடர்வது மனித இயல்பு. ஆர்க்ஸ், புளூமர் என்ற இருவர் 1985-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பல்கலைக்கழக நாடக அரங்கின் பருவச் சீட்டைச் சிலருக்கு முழு விலைக்கும் சிலருக்கு, குருட்டாம்போக்காகத் தேர்ந்து, தள்ளுபடியிலும் விற்றார்கள். பருவத்தின் முதல் பாதியில் முழு விலை கொடுத்தவர்கள்தான் அதிக நாடகம் பார்த்தார்கள். நாடகம் எல்லோருக்கும் ஒன்றேதான். கொடுத்த காசு இழுத்துக்கொண்டு போனது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை. அப்பாவின் கடனை நாடகச் சீட்டோடு ஒப்பிட்டுப் பேச எனக்கு வாய் வரவில்லை. வேறு ஒன்று கேட்டேன்: 31-ஆம் தேதி பில்லை ரத்து செய்து பார்க்கலாம் என்று உங்களுக்கு எப்படித் தோன்றியது? கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பன்னிரண்டு வருடம் எங்கேயும் போகவில்லை என்பது அவருக்கே தெரிந்தது.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட்டின் நாணயச் சோதனையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை அடிக்கடித் தப்பாகச் சொல்கிறார்கள். முடிவெடுக்க முடியாமல் தவிப்பவர்கள் இணையத்தில் ஒரு நாணயத்தைச் சுண்டிப் பார்க்கலாம் என்று அவர் ஏற்பாடு செய்தார். இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட முறை சுண்டினார்கள். வேலையை விடலாமா என்பது அதில் முக்கியமான கேள்வி. பெரிய முடிவுகளில், மாறு என்று நாணயம் சொன்னவர்கள் மாறுவது அதிகமாக இருந்தது, ஆறு மாதம் கழித்து அவர்கள் கூடுதல் சந்தோஷமாகவும் இருந்தார்கள். இதைக் காட்டி, சந்தேகம் வந்தாலே குதித்துவிடு என்று சொல்கிறவர்கள் ஒன்றை விட்டுவிடுகிறார்கள். நாணயம் சுண்டப் போகிறவர் அதற்குள் தராசின் நடுமுள்ளில் வந்து நிற்பவர். மேலாளரோடு சண்டை போட்ட மறுநாள் வந்தவரைப் பற்றி அந்த ஆய்வு எதுவும் சொல்லவில்லை. இவர் முதல் நாள் என் முன் உட்கார்ந்தபோது நடுமுள்ளில் இல்லை. பதினோராவது மாதம் இருந்தார். அப்போது சொன்னேன்: நீங்கள் தயார்.

நான் கேட்கத் தவறியது

அவசரப்பட்டுவிட்டேன். அவரைப் பற்றி எல்லாம் கேட்டவன், இந்த முடிவை அவரோடு சேர்ந்து சுமக்கப் போகிறவர் யார் என்று கேட்கவில்லை.

மென்பொருள் சோதனைப் பயிற்சிக்கு அவர் கட்டணம் கட்டிய அன்று, வங்கியிலிருந்து குறுஞ்செய்தி கணவருடைய போனுக்குப் போயிருக்கிறது. கூட்டுக் கணக்கு. அதுவரை வீட்டில் இவர் சொன்னதெல்லாம் ஆபீஸில் புது மென்பொருள் வந்திருக்கிறது என்பது மட்டும்தான். அடுத்த சந்திப்புக்கு இருவரும் வந்தார்கள். கணவர் சத்தம் போடவில்லை. "எனக்கு இது தெரியாது சார். ஒரு வருஷமா உங்ககிட்ட பேசறாங்க, என்கிட்ட பேசல" என்றார். அந்த அறையில் நான் கூசிப்போன நாட்களில் அது ஒன்று.

"சொன்னா வேணாம்னு சொல்லுவீங்கன்னு நினைச்சேன்" என்றார் இவர்.

"வேணாம்னு சொல்லிருப்பேன்தான். அப்புறம் கேட்டிருப்பேன்."

அன்று நான் அதிகம் பேசவில்லை. அவர்களே பேசினார்கள். கணவர் கேட்டவை எல்லாம் நான் கேட்டிருக்க வேண்டியவை: முதல் வருடம் சம்பளம் எவ்வளவு குறையும்? வீட்டுக் கடன் தவணை யார் பொறுப்பு? இது சரிவராவிட்டால் திரும்பக் கணக்கு வேலைக்குப் போக முடியுமா, எத்தனை நாளுக்குள்? கடைசிக் கேள்விக்கு இவரிடம் தெளிவான பதில் இருந்தது. முடியும், இரண்டு வருடத்துக்குள் என்றால் பெரிய சிரமம் இல்லை என்று பழைய சக ஊழியர் இருவரிடம் விசாரித்து வைத்திருந்தார். சேமிப்பு நான்கு மாதச் செலவுக்கு இருந்தது. ஏழு மாதம் ஆகும்வரை பொறுப்பது என்று முடிவாயிற்று. இதனால் நாலைந்து மாதம் தள்ளிப்போனது.

அந்தத் தாமதத்தில் அவர் தளர்ந்துவிடுவார் என்று பயந்தேன். தளரவில்லை. வார நாட்களில் தினம் ஒரு மணி நேரம் படித்தார். இதையும் ஓர் அடையாளமாக இப்போது எடுத்துக்கொள்கிறேன். காத்திருக்கச் சொன்னால் கோபம் ஆறிவிடும். விருப்பம் இன்னொரு நோட்டுப் புத்தகம் வாங்கும். வீட்டில் சொல்லிவிட்டீர்களா என்பதை இப்போதெல்லாம் முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுகிறேன்.

போன பிறகு

பதினேழாவது மாதம், கணக்கு மென்பொருள் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனத்தில் சேர்ந்தார். சம்பளத்தில் கால் பங்கு குறைவு. அவரை எடுத்ததற்குக் காரணம் பயிற்சிச் சான்றிதழ் இல்லை. நேர்காணலில் மாதிரி மென்பொருளைக் கொடுத்துச் சோதிக்கச் சொன்னார்கள். இவர் முதலில் செய்தது 31-ஆம் தேதியிட்டு ஒரு பில் போட்டது.

முதல் மூன்று மாதம் போனில் குரலே வேறு. ஐந்தாவது மாதம் ஒரு ராத்திரி கூப்பிட்டார். "தப்பு பண்ணிட்டேனோ சார்? இங்கயும் மாசக் கடைசி இருக்கு. பேருதான் ரிலீஸ்." இருபத்தாறு வயது குழுத் தலைவர் ஏதோ கடுமையாகச் சொல்லியிருக்கிறார். அதுவும் எல்லோர் முன்னாலும்.

எனக்குப் பதற்றம் இல்லை. பாஸ்வெல்லும் உடன் ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட ஆய்வு, வேலை மாறிய உயர்நிலை மேலாளர்களைப் பல ஆண்டு தொடர்ந்து பார்த்தது. மாறுவதற்கு முன் திருப்தி சரிகிறது, மாறியதும் ஏறுகிறது, அப்புறம் இறங்குகிறது. தேனிலவு, அதன்பின் தலைவலி என்று அவர்களே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். போகிறவருக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைத்துவிடுவது என் வழக்கம். அவருக்கும் சொல்லியிருந்தேன். மறந்துவிட்டார், எல்லோரும் மறப்பார்கள்.

"இன்னைக்குப் பிழை ஏதாவது பிடிச்சீங்களா?" என்று கேட்டேன். ஆமாம் என்றார். பத்து நிமிடம் அதைப் பற்றியே பேசினார். ஒரு அறிக்கையில் பூஜ்யம் வர வேண்டிய இடத்தில் காலியாக வருகிறதாம். எழுதியவர் இது பிழையே இல்லை என்று மூடிவிட்டாராம். இவர் திரும்பத் திறந்தாராம், மூன்று தடவை. குழுத் தலைவரின் பேச்சு பாதியிலேயே காணாமல் போயிருந்தது. நானும் அதை நினைவுபடுத்தவில்லை.

இதே காலத்தில் என்னிடம் வந்த இன்னொருவரையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் புகார் ஒரு வார்த்தை மாறாமல் இதேதான். அவருடைய கேலண்டரில் மூன்று மாதத்தில் 30 குறிகள், அதில் 26-க்குப் பக்கத்தில் ஒரே ஆளின் பெயர். பிரிவு மாற்றிக் கேட்டு வாங்கினார். குறிகள் நின்றன. இன்னும் அதே தொழிலில்தான் இருக்கிறார்.

அந்தப் பெண்மணியோடு கடைசியாகப் பேசியது, அவர் சேர்ந்து பதினான்கு மாதம் ஆனபோது. சோதனைகளைத் தானாக ஓட்டுவதற்கு நிரல் எழுதக் கற்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். "இதுக்கும் ஒரு கேலண்டர் மாட்டணுமா சார்?" என்று கேட்டார். வேண்டாம், அது அந்த வேலையிலேயே அடுத்த படிதானே என்றேன். வீட்டில் ஏற்கெனவே சொல்லிவிட்டதாகச் சொன்னார்.